பலகையில் 60 கிலோவாட், காரில் ஏறுவது 28: மதுரையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு வேக சார்ஜர் விளக்கம்

கேள்வியின் சாரம் இது. மதுரையில் அடுக்ககக் குடியிருப்பு, 45 யூனிட் பேட்டரி கார், இதுவரை வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் மட்டுமே சார்ஜ். கப்பலூர் பக்கம் ஒரு 60 கிலோவாட் சார்ஜரில் முதல்முறை போட்டபோது 28-க்கு மேல் ஏறவில்லை. பக்கத்தில் இன்னொரு காரும் ஏறிக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் சொச்சத்தில் தானாக நின்றுவிட்டது. சார்ஜர் நிறுவனத்தின் ஆப் வாலட்டில் இருந்தது 250 ரூபாய். அடுத்த மாதம் குடும்பத்தோடு சென்னை, அப்புறம் கொடைக்கானல். கோளாறு காரிலா, சார்ஜரிலா, நம்பிக் கிளம்பலாமா?

கிளம்பலாம். நீங்கள் கொடுத்த விவரப்படி காரிலும் கோளாறு இல்லை, சார்ஜரிலும் இல்லை. 28-க்குக் காரணம் பக்கத்தில் நின்ற கார். பாதியில் நின்றதற்குக் காரணம் வாலட். கணக்கைப் பாருங்கள்: 28 கிலோவாட்டில் இருபது நிமிடம் என்றால் 9.3 யூனிட். யூனிட் 20 ரூபாய் என்று வைத்தால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 23 ரூபாய் 60 காசு. 9.3 யூனிட்டுக்கு 220 ரூபாய் ஆகிவிட்டது. இன்னும் இரண்டு மூன்று நிமிடத்தில் 250-ம் காலி. காசு தீர்ந்ததும் சார்ஜர் நின்றுவிடும். சில ஆப்களில் ஒரு குறைந்தபட்ச இருப்பை விட்டுவிட்டுக் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்துவார்கள். நெடுந்தூரம் போகும்போது ஒவ்வொரு ஆப்பிலும் ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் போட்டு வையுங்கள்.

28 ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் பயணத் திட்டத்தில் பாதி முடிந்தது.

கிலோவாட் என்பது குழாயில் தண்ணீர் விழும் வேகம். யூனிட் என்பது குடத்தில் சேர்ந்த தண்ணீர். சார்ஜர் தன் இஷ்டத்துக்குத் தண்ணீரைத் திறந்துவிடாது. காருக்குள் இருக்கும் பிஎம்எஸ், அதாவது பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகை, "இந்த வோல்ட்டில் இத்தனை ஆம்பியர் கொடு" என்று இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். சார்ஜர் தன்னால் முடிந்த வரை கொடுக்கும். கார் கேட்பது, சார்ஜரால் முடிவது, இரண்டில் எது குறைவோ அதுதான் ஏறும்.

சார்ஜரால் முடிவது பலகையில் எழுதியதைவிடக் குறைவாக இருக்க இரண்டு காரணம். முதலாவது பங்கீடு. நம் பக்கம் நெடுஞ்சாலைகளில் உள்ள 60 கிலோவாட் பெட்டிகள் பெரும்பாலும் இரண்டு கன், அதாவது காரில் சொருகும் கைப்பிடி, உள்ளவை. ஒரே கார் நின்றால் அறுபதும் அதற்கு. இரண்டாவது கார் வந்து சொருகியதும் 30, 30 என்று பிரிந்துவிடும். சில பழைய பெட்டிகளில் ஒரே கார் நின்றாலும் ஒரு கன்னுக்கு 30-தான். பக்கத்துக் கார் கிளம்பியதும் சிலவற்றில் உங்களுக்கு வேகம் தானாகக் கூடும், சிலவற்றில் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால்தான் கூடும்.

இரண்டாவது ஆம்பியர் வரம்பு. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் "200–1000 வோல்ட், அதிகபட்சம் 150 ஆம்பியர்" என்பது போல எழுதியிருக்கும். நம்மூரில் ஓடும் பெரும்பாலான கார்களின் பேட்டரி 300 முதல் 400 வோல்ட்டுக்குள். உங்கள் பேட்டரி 330 வோல்ட்டில் நிற்கிறது என்று வைத்தால், 150 ஆம்பியர் கன்னில் 49 கிலோவாட்டுக்கு மேல் எந்தக் காலத்திலும் ஏறாது. 100 ஆம்பியர் கன் என்றால் 33. பலகையில் எழுதும் 60 என்பது உங்கள் பேட்டரியைவிட உயர்ந்த வோல்ட்டேஜில், 150 ஆம்பியர் கன் என்றால் 400 வோல்ட்டில், கிடைக்கும் எண். ஆகவே ஒரு சார்ஜரை எடைபோடக் கிலோவாட்டைவிட ஆம்பியரைப் பாருங்கள். 200 ஆம்பியர் என்று இருந்தால் உங்கள் காருக்கு அது போதும். 120, 240 கிலோவாட் பெட்டி உங்கள் காருக்குக் கூடுதல் வேகம் தராது. ஆனால் பங்கு பிரிந்தாலும் உங்கள் பங்கு குறையாது என்பதால் அதைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. 79 யூனிட் பேட்டரி போட்ட மஹிந்திரா பிஇ 6 போன்ற வண்டிகள் 175 கிலோவாட் வரை வாங்கக்கூடியவை. பெரிய பெட்டியின் முழுப் பலன் அவர்களுக்குத்தான். மறுபக்கம் எம்ஜி காமெட்டில் டிசி (நேர் மின்சார) வேக சார்ஜிங்கே கிடையாது. அதை வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பலாம், தங்களுக்குப் பயன்படாது.

இனி கார் கேட்பது. பேட்டரி 10 முதல் 50, 60 சதவீதம் வரை நன்றாக வாங்கும். அதன் பிறகு படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும். 80-ஐத் தாண்டினால் சரசரவென்று இறங்கும். உங்கள் 45 யூனிட் பேட்டரியில் 10-லிருந்து 80 வரை என்பது 31.5 யூனிட். தனியாகக் கிடைத்த நல்ல 60 கிலோவாட் பெட்டியில் சராசரி 40, 42 கிடைக்கும். முக்கால் மணி நேர வேலை. 30 கிலோவாட் பங்கில் அதுவே ஒன்றேகால் மணி நேரம் நெருங்கும். கடைசி 20 சதவீதம் வெறும் 9 யூனிட்தான், ஆனால் சராசரி 15 கிலோவாட்டுக்கு இறங்கிவிடுவதால் அதற்கு மட்டும் அரை மணிக்கு மேல். நெடுஞ்சாலையில் 80-இல் எடுத்துவிடுங்கள் என்று சொல்வதற்கு அடிப்படை இதுதான். பின்னால் ஒருவர் காத்திருந்தால் 80-க்கு மேல் போடுவது அவருடைய அரை மணியை எடுத்துக்கொள்வதாகும்.

சித்திரை, வைகாசி வெயில் தனிக் கணக்கு. மதுரையில் 40 டிகிரி அடிக்கும் மதியத்தில், 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி வந்த பேட்டரி ஏற்கெனவே சூடாக இருக்கும். உடனே சொருகினால் பிஎம்எஸ் குறைத்தே கேட்கும். காருக்குள் ஏசி கம்ப்ரசர் பேட்டரியைக் குளிரவைக்க உறுமிக்கொண்டு ஓடும். அந்தச் சத்தம் கேட்டுப் பயப்பட வேண்டாம், அது வேலை செய்கிறது என்று அர்த்தம். சார்ஜர் பெட்டிக்கும் இதே கதை. வெயிலில் நிற்கும் பெட்டி, தூசி அடைத்த ஃபில்ட்டர், உள்ளே மின்சாரத்தை மாற்றித் தரும் மாட்யூல் சூடாவது என்றால் அதுவே தன் திறனைக் குறைத்துக்கொள்ளும். கூரை போட்ட நிலையம், காலை ஒன்பது மணிக்கு முன், அல்லது பொழுது சாய்ந்த பிறகு என்று வைத்துக்கொண்டால் அதே பெட்டியில் நல்ல வேகம் கிடைக்கும். நிலையத்துக்குப் பத்து கிலோமீட்டர் முன்பே வேகத்தை 80-க்கு இறக்கிக்கொள்வதும் உதவும்.

அடுத்து, போய் நின்றதும் செய்ய வேண்டியது. உங்கள் காரில் இருக்க வேண்டியது சிசிஎஸ்-2 சாக்கெட்: மேலே ஏழு துளை வட்டம், கீழே இரண்டு தடித்த துளை. மேல் பகுதி மட்டும் இருந்தால் அது டைப்-2, மெதுவான ஏசி (வீட்டுக்கு வரும் மாறு மின்சார) சார்ஜிங்குக்கு உரியது. கீழ்ப் பகுதிக்குத் தனி ரப்பர் மூடி உண்டு. புதிதாகப் போடுகிறவர்கள் அதைக் கழற்ற மறந்துவிட்டுக் கன் நுழையவில்லை என்று தவிப்பதுண்டு. இன்னும் சில இடங்களில் பாரத் டிசி-001 என்ற பழைய 15 கிலோவாட் பெட்டிகள் நிற்கின்றன. ஆரம்ப கால டிகோர், இ-வெரிட்டோ போன்ற வண்டிகளுக்கானவை. அந்தக் கன் உங்கள் காரில் நுழையாது. ஆப்பில் "டிசி" என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல் "சிசிஎஸ்-2" என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

கேபிள் நீளம் குறைவு, எடை அதிகம். சாக்கெட் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் பெட்டியை ஒட்டி நிறுத்துங்கள். பின்பக்கம் என்றால் ரிவர்ஸில் நுழையுங்கள். கியரைப் பார்க்கில் வைத்து, கை பிரேக் போட்டு, காரை அணைத்துவிடுங்கள். கன்னை நேராக, கடைசி வரை அழுத்துங்கள், ஒரு "டக்" கேட்க வேண்டும். பிறகு ஆப்பில் நீங்கள் நிற்கும் கன்னின் எண்ணைத் தேர்ந்தெடுத்தோ, பெட்டியில் உள்ள க்யூஆர் குறியை ஸ்கேன் செய்தோ தொடங்குங்கள். பெரும்பாலான பெட்டிகளுக்கு முதலில் சொருகுவது, பிறகு தொடங்குவது என்பதே வரிசை. கன் எண் மாறிப் போனால் பக்கத்துக் காருக்கு உங்கள் காசில் ஏறும். ஒன்றுக்கு இரண்டு தடவை பாருங்கள்.

தொடங்கியதும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஒன்றும் நடக்காதது போல இருக்கும். அந்த நேரத்தில்தான் காரும் சார்ஜரும் பேசி முடிக்கின்றன. கன் பூட்டிக்கொள்ளும். சார்ஜர் கேபிளில் கரண்ட் கசிவு இருக்கிறதா என்று சோதிக்கும். தன் வோல்ட்டேஜைப் பேட்டரியின் வோல்ட்டேஜுக்குச் சமமாகக் கொண்டுவரும். அதற்குப் பிறகே காரின் கான்டாக்டர், அதாவது பேட்டரியை இணைக்கும் பெரிய சுவிட்ச், மூடும். இந்த ஒரு நிமிடத்தில் அவசரப்பட்டு ஆப்பில் மறுபடி அழுத்துவது, கன்னை ஆட்டுவது, காரைத் திறப்பது எதுவும் வேண்டாம். தோல்விகளில் பெரும்பகுதி இந்த ஒரு நிமிடத்தில்தான் நடக்கிறது.

தோற்றால் என்ன செய்வது? நான் பார்க்கச் சொல்லும் வரிசை இது.

பெட்டியின் முகப்பில் சிவப்பாக ஒரு காளான் பட்டன் இருக்கும், அவசர நிறுத்தத்துக்கு. போகிற வருகிற பிள்ளைகள் அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள். அழுந்திய நிலையில் இருந்தால் சார்ஜர் எதற்கும் அசையாது. கடிகாரம் சுற்றும் திசையில் திருகினால் வெளியே குதிக்கும். பெட்டி மறுபடி தயாராக இரண்டு நிமிடம் கொடுங்கள். "பழுது" என்று ஆப்பில் காட்டும் பெட்டிகளில் சிலவற்றுக்கு வைத்தியம் இவ்வளவுதான்.

அடுத்து கன்னின் எடை. கேபிள் கீழே இழுக்கும்போது முனைகள் சரியாகப் பொருந்தாமல் தகவல் தொடர்பு அறுந்துபோகும். தொடங்கும்போது கன்னின் கைப்பிடியைக் கையால் சற்று மேல்நோக்கித் தாங்கிப் பிடித்து, கரண்ட் ஏறத் தொடங்கியதும் விடுங்கள். தேய்ந்துபோன கன்களில் இது அநேகமாக வேலை செய்யும். கேபிள் தொங்காமல் தரையில் தளர்வாகக் கிடக்கட்டும். பொருத்தம் தளர்ந்த கன் ஓடும்போது சூடேறும். கன்னுக்குள் உள்ள வெப்ப உணரி அதைப் பார்த்து ஆம்பியரைக் குறைக்கும், மீறினால் நிறுத்திவிடும். பத்து நிமிடம் நன்றாக ஏறிவிட்டு வேகம் பாதியாக விழுந்தால் பக்கத்துக் கன்னுக்கு மாறிப் பாருங்கள்.

"ஐசோலேஷன் ஃபால்ட்" (மின்கசிவுப் பழுது) என்று வந்தால் கன்னிலோ சாக்கெட்டிலோ ஈரம் அல்லது அழுக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இது சகஜம். மழையில் சார்ஜ் போடுவது ஆபத்தில்லை, மேலே சொன்ன கசிவுச் சோதனை அதற்காகவே இருக்கிறது. ஆனால் தரையில் போட்டுவிட்டுப் போன கன்னின் குழிகளில் தண்ணீர் தேங்கியிருக்கும். கன்னைக் கவிழ்த்து உதறி, உலர்ந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். துளைக்குள் விரலோ குச்சியோ கம்பியோ விடக் கூடாது.

காரில் "இரவு 10 மணிக்குச் சார்ஜ் தொடங்கு" என்று நேரம் குறித்து வைத்திருந்தால் சில வண்டிகள் டிசி சார்ஜரையும் காத்திருக்கச் சொல்லும். வீட்டில் அந்த வசதியைப் பயன்படுத்துகிறவர்கள் கிளம்பும் முன் அணைத்துவிட வேண்டும். காரில் தனியாக உள்ள சிறிய 12 வோல்ட் பேட்டரி நலிந்திருந்தாலும் கான்டாக்டர் மூடாது. காரைத் திறக்கும்போதே விளக்குகள் மங்கலாக எரிந்தால் அதைச் சந்தேகப்படுங்கள்.

ஆப்பில் தொடங்கச் சொன்னால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பெட்டி கண்டுகொள்ளவே இல்லை என்றால் பெட்டிக்குள் இருக்கும் சிம்முக்கு நெட்வொர்க் இல்லை. உங்கள் போனில் சிக்னல் இருப்பது உதவாது. பெட்டியில் தொட்டுக் காட்டும் நிறுவனத்தின் ஆர்எஃப்ஐடி அட்டை கையில் இருந்தால் சில பெட்டிகள் நெட் இல்லாமலும் ஏற்றுக்கொள்ளும். பெட்டிக்கு நெட் இருந்தும் மக்கர் செய்தால் அதன் மேல் எழுதியிருக்கும் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். பெட்டி எண்ணைச் சொன்னால் தூரத்திலிருந்தே ரீஸ்டார்ட் செய்துவிடுவார்கள். கூச்சப்படாமல் கூப்பிடுங்கள், அவர்களுடைய அன்றாட வேலையே அது.

முடிக்கும்போது ஆப்பில் நிறுத்தி, ஆம்பியர் பூஜ்யத்துக்கு வந்ததும் காரை அன்லாக் செய்து கன்னை எடுங்கள். சிவப்புப் பட்டனை நிறுத்துவதற்காக அழுத்த வேண்டாம். கன் வெளியே வரவில்லை என்றால், ஒருதரம் லாக் செய்து மறுபடி அன்லாக் செய்யுங்கள், கன்னைச் சற்று உள்ளே தள்ளியபடி பட்டனை அழுத்தி இழுங்கள். அதற்கும் அசையாவிட்டால் பல கார்களில் டிக்கிக்குள்ளோ பானெட்டுக்கு அடியிலோ கையால் இழுத்து விடுவிக்க ஒரு வயர் உண்டு. அது எங்கே என்று கையேட்டில் இன்றே பார்த்து வையுங்கள். இரவு பதினொரு மணிக்கு விராலிமலையில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

மின்தடை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் ஒரு துணைமின் நிலையத்துக்கு உட்பட்ட பகுதி முழுக்கக் காலை ஒன்பது, பத்து மணியிலிருந்து மாலை வரை கரண்ட் இருக்காது. பெட்ரோல் பங்கில் ஜெனரேட்டர் ஓடும், பெட்ரோல் போடுவார்கள், ஹோட்டலில் ஃபேன் சுற்றும். சார்ஜர் மட்டும் செத்துக் கிடக்கும். 60 கிலோவாட் இழுக்கும் பெட்டியை அந்த ஜெனரேட்டரில் பொதுவாக யாரும் இணைப்பதில்லை. நாளிதழ்களின் "நாளை மின்தடை" பட்டியலில் நீங்கள் நிற்கப்போகும் ஊர் இருக்கிறதா என்று முந்தைய நாள் பாருங்கள். மேலூர், கொட்டாம்பட்டி, திருமங்கலம் என்று பெயர் போட்டே வரும். ஆப் இதைக் காட்டத் தாமதமாகலாம். "அவெய்லபிள்" என்ற பச்சை நிறத்தைவிட, அந்தப் பெட்டியில் கடைசியாக எப்போது வெற்றிகரமாக ஏறியது என்ற தகவலை நம்புங்கள். பிளக்‌ஷேர் ஆப்பில் பயன்படுத்தியவர்கள் தேதியோடு எழுதி வைப்பார்கள். இன்று காலையில் ஒருவர் போட்டிருந்தால் அந்தப் பெட்டி உயிரோடு இருக்கிறது.

இதனால்தான் நிலையத்தைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு ஒரு பிடிவாதம். தனியாக நிற்கும் ஒரு 120 கிலோவாட் பெட்டியைவிட, இரண்டு தனித்தனி 60 கிலோவாட் பெட்டி உள்ள இடம் மேல். அதைவிட மேல், அங்கே எல்லாம் படுத்துவிட்டாலும் போய்ச் சேரக்கூடிய இன்னொரு நிறுவனத்தின் நிலையம் முப்பது கிலோமீட்டருக்குள் இருப்பது. 10 சதவீதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதல் நிலையத்துக்குப் போய்ச் சேருங்கள் என்று சொல்வதும் இதற்காகவே. உங்கள் காரில் அது 4.5 யூனிட், நிதானமாக ஓட்டினால் முப்பது கிலோமீட்டர். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரியாக இருந்தால் மீட்டர் காட்டும் கடைசிச் சதவீதங்களை அப்படியே நம்பவும் முடியாது. அந்த வேதியியலில் வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட மாறாமல் இருந்துவிட்டுக் கடைசியில் சட்டென்று விழும். கையேட்டில் சொன்ன இடைவெளியில் வீட்டில் மெதுவாக 100 வரை ஏற்றினால் அந்தக் கணக்கு நேராகும். பயணத்துக்கு முந்தின இரவு அதைச் செய்யுங்கள்.

சென்னைப் பயணத்தைக் கணக்குப் போடுவோம். சுமார் 460 கிலோமீட்டர். 90, 95 வேகத்தில், நான்கு பேர், ஏசியோடு கிலோமீட்டருக்கு 160 வாட்-மணி என்று எடுத்துக்கொள்கிறேன். அதாவது ஒரு யூனிட்டுக்கு ஆறேகால் கிலோமீட்டர். வீட்டில் 100 வரை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் திருச்சியைத் தாண்டும்போது பாதி இருக்கும். அங்கே நிற்காதீர்கள், பாதிக்கு மேல் உள்ள பேட்டரி மெதுவாகத்தான் வாங்கும். பெரம்பலூர் வரை சுமார் 195 கிலோமீட்டர், 31 யூனிட் செலவு, கையில் 30 சதவீதம். அங்கே 80 வரை 22 யூனிட், முப்பத்தைந்து நிமிடம். திண்டிவனம் சேரும்போது 27 சதவீதம் போல இருக்கும். அங்கே 12 யூனிட் போட்டால் போதும், இருபது நிமிடம். சென்னைக்குள் 10 சதவீதத்தோடு நுழையலாம். நகர நெரிசலுக்குத் தெம்பு வேண்டும் என்றால் இன்னும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். முதல் நிறுத்தத்தை இட்லி நேரத்துக்கும், இரண்டாவதைக் காபி நேரத்துக்கும் வைத்துக்கொண்டால் காத்திருக்கிறோம் என்ற உணர்வே வராது. இந்தச் சாலையில் பாரத் பெட்ரோலியம் 2022-லேயே தன் பெட்ரோல் பங்குகளில் வேக சார்ஜர் வைத்தது. பிறகு கோயம்புத்தூரைச் சேர்ந்த ஸியான், டாடா பவர் என்று பலர் வந்துவிட்டார்கள். ஆகவே குறைந்தது மூன்று ஆப்களில் கணக்குத் தொடங்கி, பணம் போட்டு, கார் விவரத்தையும் பதிந்து வையுங்கள். ஓடிபி வரும் போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

வேகத்தைப் பற்றி ஒன்று. 95-இலிருந்து 115-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இருபது நிமிடம் மிச்சம் பிடிக்கப் போய் சார்ஜரில் அதைத் திருப்பிக் கட்டிவிடுவீர்கள். எதிர்க்காற்றும் இதே வேலையைச் செய்யும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது காருக்கும் பொருந்தும். ஆனி, ஆடியில் மதுரையிலிருந்து தேனிப் பக்கமோ, கயத்தாறு தாண்டி நாகர்கோவில் பக்கமோ போனால் 30 கிலோமீட்டர் வேகக் காற்று முகத்தில் அடிக்கும். நீங்கள் 90-இல் போனாலும் கார் 120-இல் போவது போன்ற எதிர்ப்பைச் சந்திக்கும், அதாவது கிட்டத்தட்ட 1.8 மடங்கு. காற்றாலைகள் வேகமாகச் சுற்றுவதைப் பார்த்தால் அடுத்த நிலையத்தைத் தவறவிடாதீர்கள்.

கொடைக்கானல் வேறு வகை. தூரம் 120 கிலோமீட்டருக்குள்தான், ஏற்றம் சுமார் 2000 மீட்டர். ஆள், மூட்டை எல்லாம் சேர்த்து 1800 கிலோ வண்டியை அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே 10 யூனிட் வேண்டும். மோட்டார் இழப்பையும் சேர்த்தால் 11. வத்தலக்குண்டு வழியாகச் சமவெளிக்கு ஒன்பது, மலைச்சாலையில் ஓடுவதற்கு ஆறு, தூக்க 11. ஆக 26 யூனிட், 58 சதவீதம். 100-இல் கிளம்பினால் 42-இல் மேலே நிற்பீர்கள். அதுவே திரும்ப மதுரை வருவதற்குப் போதும், ஏனென்றால் இறக்கத்தில் செலவே கிடையாது, மூன்று நான்கு யூனிட் திரும்பவும் ஏறும். ஆனால் மேலே ஊர் சுற்ற வேண்டும் என்பதால் தங்கும் இடத்தில் சார்ஜ் போடுவீர்கள். அங்கே ஒரு எச்சரிக்கை: 100 வரை ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரிக்கு இறக்கத்தில் வரும் கரண்டை வாங்க இடமில்லை. ரீஜென், அதாவது மோட்டாரே வண்டியின் வேகத்தைக் குறைத்து அதைக் கரண்டாக மாற்றும் வசதி, பிடிக்காது, ஐம்பது கிலோமீட்டர் இறக்கமும் பிரேக் தகடுகளின் தலையில் விழும், அவை சூடேறிப் பிடிமானம் குறையும். 85-க்குள் நிறுத்திக்கொண்டு, ரீஜெனை அதிக அளவில் வைத்து இறங்குங்கள். போடிமெட்டு வழியாக மூணாறு போகிறவர்களுக்கும் இதே விதி.

தங்கும் விடுதியில் உங்கள் 15 ஆம்பியர் போர்ட்டபிள் சார்ஜர்தான் துணை. இரவு பத்து மணி நேரத்தில் 25 யூனிட் வரை ஏறும். பல பழைய விடுதிகளில் எர்த் சரியாக இருக்காது. சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் அது எர்த் இல்லை என்று சொல்கிறது. எர்த்தை ஏமாற்றும் அடாப்டர்களைத் தொடாதீர்கள், வேறு சாக்கெட் கேளுங்கள். மெலிந்த எக்ஸ்டென்ஷன் வயரில் பத்து மணி நேரம் 13, 14 ஆம்பியர் ஓடினால் பிளக் உருகும். தொடங்கி அரை மணி கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிடுங்கள்.

பில்லைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் கேட்கப்போகிறீர்கள். காரில் 31 யூனிட் ஏறியது என்று கணக்குப் போட்டால் பில்லில் 33 இருக்கும். பேட்டரியைக் குளிர்விக்கச் செலவானதும், பேட்டரிக்குள் வெப்பமாக வீணானதும்தான் அந்த வித்தியாசம். ஐந்தாறு சதவீதம் வரை நியாயம். அதைவிட அதிகமென்றால் தொடக்க, முடிவுச் சதவீதங்களின் படத்தோடு புகார் செய்யுங்கள். சார்ஜ் தொடங்கியதும் ஒரு படம், முடிந்ததும் ஒரு படம் என்று காரின் திரையை எடுத்துவைப்பது நல்ல பழக்கம். தொடங்காமலே பணம் பிடித்திருந்தால் பெரும்பாலும் தானாகத் திரும்பும், இல்லையென்றால் ஆப்பில் அந்தச் சார்ஜுக்குக் காட்டும் செஷன் எண்ணைக் கொடுத்துக் கேட்க வேண்டும். சார்ஜ் முடிந்த பிறகும் கன்னோடு நின்றால் நிமிடக் கணக்கில் சில நிறுவனங்கள் தனிக் கட்டணம் போடும். சாப்பிடப் போகும்போது ஆப்பின் அறிவிப்பு ஒலியை அணைக்காதீர்கள். விலை பகலில் சற்றுக் குறைவாகவும் இருக்கலாம்: மத்திய மின் அமைச்சகத்தின் 2024 வழிகாட்டு நெறிமுறை, காலை 9 முதல் மாலை 4 வரையான சூரிய ஒளி நேரத்தில் நிலையங்களுக்கு மின்சாரத்தை மலிவாகத் தரச் சொல்கிறது. அந்தக் குறைப்பைச் சில ஆப்களில் நேர வாரியாகப் பார்க்கலாம்.

சென்னை கிளம்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பேட்டரி 20 சதவீதத்துக்கு வந்த பிறகு, ரிங் ரோட்டில் யாரும் நிற்காத ஒரு 60 கிலோவாட் பெட்டிக்குப் போங்கள். தகட்டில் ஆம்பியரைக் குறித்துக்கொள்ளுங்கள். 80 வரை போட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சதவீதத்தையும் கிலோவாட்டையும் எழுதுங்கள். 28-க்குப் பதில் 45 பக்கம் நிற்கும். அந்தத் தாள்தான் உங்கள் காரின் உண்மையான சார்ஜிங் அட்டவணை. மேலே நான் போட்ட நிமிடங்களை அதை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.